கைக்கு எப்படிப் பாடம் எடுப்பது? ஆஸ்டியோபதி பயிற்சி பற்றி ஓர் எளிய அறிமுகம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல குடும்பங்களில் அமெரிக்காவில் ஒரு சொந்தக்காரர் இருப்பார். அவருடைய மகள் அங்கே மருத்துவம் படிக்கிறாள் என்று சேதி வந்தால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "எம்.டி.யா?" என்று கேட்டால் "இல்ல, டி.ஓ." என்று பதில் வரும். யாராவது போனில் தேடிப் பார்த்து, "ஆஸ்டியோபதியாம், எலும்பு சம்பந்தப்பட்டதாம்" என்பார்கள். "அப்போ புத்தூர் கட்டு மாதிரிதானே? அதுக்கு ஏம்பா அவ்வளவு தூரம் போகணும்?" என்று தாத்தா கேட்பார்.

அந்தப் பெண் படிப்பது முழு மருத்துவப் படிப்பு. அமெரிக்காவில் மருத்துவராவதற்கு எம்.டி., டி.ஓ. என்று இரண்டு வழிகள் உண்டு. இரண்டுமே நான்கு வருடப் படிப்பு. எதைப் படித்தவரும் மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம், இதய நிபுணர் ஆகலாம். 2020 முதல் இரு தரப்புக்குமான மேற்பயிற்சி இடங்களும் ஒரே அங்கீகார முறையின் கீழ் வந்துவிட்டன. இன்று அங்கே மருத்துவம் படிப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் டி.ஓ. கல்லூரியில்தான் இருக்கிறார். வேறுபாடு ஒன்றுதான். டி.ஓ. மாணவர்கள் மற்ற எல்லாப் பாடங்களோடும் கூடுதலாகச் சுமார் 200 மணி நேரம், நோயாளியின் தசையையும் மூட்டையும் முதுகெலும்பையும் கையால் ஆராயவும் கையாலேயே சிகிச்சை தரவும் பழகுகிறார்கள். இந்தக் கட்டுரை அந்த 200 மணி நேரத்தைப் பற்றியது.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். அமெரிக்காவுக்கு வெளியே ஆஸ்டியோபத் என்றால் பெரும்பாலும் மருத்துவர் அல்ல. பிரிட்டனில் அது பிசியோதெரபி போலத் தனித் தொழில். 1993-ஆம் ஆண்டு சட்டத்தின்படி பதிவு செய்தவர்கள் மட்டுமே அந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியும். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் ஆஸ்டியோபதி தனிப் பாடமாக இல்லை. நம் ஊரில் ஒரு பெயர்ப்பலகையில் அந்தச் சொல்லைப் பார்த்தால், உள்ளே இருப்பவரின் அடிப்படைப் படிப்பு என்ன என்று கேட்டுக்கொள்வது நல்லது. பிசியோதெரபி முடித்துவிட்டு மேற்பயிற்சி எடுத்தவராக இருக்கலாம். சில நாள் வகுப்புக்குப் போய்வந்தவராகவும் இருக்கலாம்.

இதைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1828-இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். 1864-இல் மூளை உறைக் காய்ச்சலில் தன் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்தார். பாதரச மருந்தும் ரத்தம் வடிப்பதுமே வைத்தியமாக இருந்த காலம் அது. அந்த மருத்துவத்தின்மேல் நம்பிக்கை போய், 1874-இல் தன் புதிய முறையை அறிவித்தார். 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் பள்ளி திறந்து பெண்களையும் சேர்த்துக்கொண்டார். எலும்பு இடம் மாறி ரத்த ஓட்டத்தைத் தடுப்பதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்று அவர் நம்பியது தவறு. இன்றைய டி.ஓ. கல்லூரிகள் கிருமிகளையும் தடுப்பூசியையும் எம்.டி. கல்லூரி போலவேதான் சொல்லித் தருகின்றன. அந்தஸ்துக்காக நெடுங்காலம் போராடியவர்கள் இவர்கள். 1962-இல் கலிபோர்னியாவில் டி.ஓ. மருத்துவர்கள் 65 டாலர் கட்டி எம்.டி. பட்டமாக மாற்றிக்கொண்ட வேடிக்கைகூட நடந்தது. ஸ்டில்லின் கோட்பாடு உதிர்ந்துவிட்டது. நோயாளியைக் கையால் படிக்க வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் உதிரவில்லை.

விரல் முதலில் கற்பது

முதல் வகுப்புக்கு வரும் மாணவர் செய்யும் முதல் தவறு, அழுத்துவது. பலமாக அழுத்தினால் அதிகம் தெரியும் என்று நினைக்கிறோம். நடப்பது தலைகீழ். அழுத்தும்போது விரல் நுனியின் நரம்புகள் தன் அழுத்தத்தைத்தான் உணர்கின்றன. அடியில் இருக்கும் திசு இறுகி எதிர்க்கிறது, நோயாளியும் உடலை விறைத்துக்கொள்கிறார். நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினால் அது ஏறக்குறைய 4 கிலோ என்று வாத நோய் மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தோலின் ஈரத்தையும் சூட்டையும் அறிய அதில் சிறு பங்கு போதும்.

விரலைக் கூர்மையாக்க ஒரு பழைய பயிற்சி உண்டு. ஒரு தலைமுடியைத் தொலைபேசிப் புத்தகத்தின் ஒரு தாளுக்கு அடியில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேட வேண்டும். கண்டுபிடித்ததும் மேலே இன்னொரு தாள், பிறகு இன்னொன்று. தொலைபேசிப் புத்தகம் இப்போது எங்கும் இல்லை. பாட நோட்டே போதும். முதல் நாளில் ஒரு தாளோடு நின்றுபோன மாணவர், சில வாரங்களில் பல தாள்களுக்கு அடியில் இருக்கும் முடியின் போக்கைச் சொல்லிவிடுவார். விரலில் புது நரம்பு முளைப்பதில்லை. வந்துசேரும் சேதியை மூளை பிரித்தறியக் கற்றுக்கொள்கிறது. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் வியாபாரி ஒரு பிடி கூட்டை எடுத்து, நசுக்காமல் இரண்டு விரலால் அழுத்தி, காதருகே குலுக்கி விலை சொல்வதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அந்தக் கையும் பழக்கத்தில் வந்ததுதான்.

அடுத்தது அடுக்கடுக்காக உணர்வது. மாணவர் தன் கூட்டாளியின் முன்னங்கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். முதலில் தோல் மட்டும்: சூடு, ஈரம், சொரசொரப்பு. பிறகு தோலை அடியில் உள்ளதன்மேல் நகர்த்திப் பார்ப்பார். எந்தப் பக்கம் எளிதாக வழுக்குகிறது, எந்தப் பக்கம் பிடிக்கிறது? இன்னும் கொஞ்சம் இறங்கினால் தசையை மூடியிருக்கும் உறை. அதற்கடியில் தசை நார்கள், அவை ஓடும் திசை. கடைசியில் எலும்பு. இப்போது கூட்டாளி உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புவார். எந்த அடுக்கு எப்போது அசைகிறது என்பதை விரலால் பின்தொடர வேண்டும். சொல்லும்போது சுலபம். செய்யும்போது முதல் பத்து நிமிடத்துக்கு எல்லாம் ஒரே மாவாகத்தான் தெரியும்.

இதோடு உடலின் அடையாளக் குறிகளும் வருகின்றன. வீட்டில் யாரையாவது உட்காரவைத்துப் பார்க்கலாம். முதுகெலும்பு பல கணுக்களை, அதாவது சிறு எலும்புத் துண்டுகளை, அடுக்கியது போன்றது. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் புடைத்துத் தெரிவது பெரும்பாலும் ஏழாவது கழுத்துக் கணு. கைகளைத் தொங்கவிட்டால், தோள்பட்டை எலும்பின் கீழ்முனை ஏறக்குறைய ஏழாவது மார்புக் கணுவின் மட்டத்தில் இருக்கும். இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் இணைத்து ஒரு கோடு போட்டால், அது நாலாவது இடுப்புக் கணுவைக் கடக்கும். முதுகுத்தண்டில் ஊசி போட இடம் பார்க்கும்போது நம் எம்.பி.பி.எஸ். மாணவர்களும் இதே கோட்டைத்தான் தேடுகிறார்கள். ஆனால் விரலால் தொட்டுப் போடும் கோடு பல பேருக்கு உண்மையான இடத்தைவிட ஒரு கணு மேலே போய்விடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடம்பு பருமனாக இருந்தால் பிழை இன்னும் கூடும். நல்ல ஆசிரியர் குறியைச் சொல்லித்தரும் அன்றே இந்தப் பிழையையும் சொல்லிவிடுவார்.

ஒரு சின்ன விஷயம், எனக்குப் பிடித்தது. மாணவர்களின் எந்தக் கண் மேலாதிக்கக் கண், அதாவது பார்வையில் முந்தி நிற்கும் கண், என்று முதலிலேயே கண்டுபிடிக்கச் சொல்வார்கள். இரண்டு தோள்களும் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்கும்போது அந்தக் கண் நோயாளியின் நடுக்கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நேராக இருக்கும் ஆள்கூடக் கோணலாகத் தெரிவார்.

நான்கு கேள்விகள்

பழகிய விரல் எதைத் தேட வேண்டும்? டி.ஓ. மாணவர்கள் இதற்கு நான்கு ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'டார்ட்' என்று மனப்பாடம் செய்கிறார்கள். திசுவின் தன்மை மாறியிருக்கிறதா? இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா? அசைவு எங்காவது தடைபடுகிறதா? தொட்டால் வலிக்கிறதா?

இதில் மூன்றாவது கேள்விதான் பயிற்சியின் முதுகெலும்பு. உங்கள் கழுத்தை மெதுவாக வலப்பக்கம் திருப்பிப் பாருங்கள். நீங்களாகத் திருப்பி நிற்கும் இடம் ஓர் எல்லை. அங்கிருந்து இன்னொருவர் இதமாக நகர்த்தினால் இன்னும் சிறிது போகும். அது இரண்டாவது எல்லை. அதைத் தாண்டினால் திசுவுக்குக் காயம். ஆரோக்கியமான கழுத்தில் இந்த எல்லைகள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் வழக்கமான எல்லைக்கு முன்பே அசைவு நின்றுவிட்டால், அந்தத் தடையைத்தான் மாணவர் தேடுகிறார். எவ்வளவு தூரம் போகிறது என்பதோடு, எப்படி நிற்கிறது என்பதையும் அவர் உணர வேண்டும். தசை இறுக்கத்தால் நிற்கும் அசைவு மெத்தென்று, கொஞ்சம் விட்டுக்கொடுத்து நிற்கும். எலும்போடு எலும்பு முட்டினால் சட்டென்று, கெட்டியாக நிற்கும். இந்த வித்தியாசத்தைப் படத்தில் காட்ட முடியாது. ஆசிரியர் தன் கையை மாணவரின் கைமேல் வைத்து, "இப்போ நின்னுச்சு பாருங்க, இதுதான்" என்று சொன்னால்தான் புரியும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் குண்டுமல்லி பறிக்கும் நாற்பது வயதுப் பெண். "ரெண்டு நாளா இடுப்பு புடிச்சிக்கிச்சுங்க, குனியவே முடியல" என்று வருகிறார். நம் புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் அவருக்குக் கிடைப்பது ஒரு மாத்திரைச் சீட்டு. 'டார்ட்' பழகிய மாணவி முதலில், "அக்கா, முதுகைத் தொட்டுப் பார்க்கட்டுங்களா? வலிச்சா உடனே சொல்லிடுங்க" என்று அனுமதி கேட்பார். நிற்கவைத்துப் பார்ப்பார், குனியச் சொல்லி இடுப்பின் இரு பக்கமும் ஒன்றாக நகர்கிறதா என்று கட்டைவிரலால் பின்தொடர்வார், படுக்கவைத்துத் தசையைத் தொடுவார். முடிவில் நோயாளிக் குறிப்பில் 'இடுப்பு வலி' என்று மட்டும் இருக்காது. 'நாலாவது இடுப்புக் கணுவின் வலப்பக்கத் தசை இறுகி, சற்றுச் சூடாக, இடப்பக்கம் திரும்புவதில் தடை, அழுத்தினால் வலி, காலில் மரத்துப்போதல் இல்லை' என்று இருக்கும். அடுத்த வாரம் வேறொரு மருத்துவர் பார்த்தாலும் என்ன மாறியிருக்கிறது என்று ஒப்பிட இதில் வழியிருக்கிறது.

சிகிச்சை: மெதுவானது முதலில், சொடக்கு கடைசியில்

கையால் தரும் சிகிச்சைகளில் பல வகை உண்டு. எல்லாவற்றையும் இங்கே விவரிக்கப் போவதில்லை. தசையைப் பிசைந்து தளர்த்துவதும், உறையை இழுத்துப் பிடித்துக் காத்திருப்பதும் நமக்குப் புதிதல்ல. இரண்டு முறைகள் மட்டும் சொல்லத் தகுந்தவை.

ஒன்று, நோயாளியின் சொந்த பலத்தைப் பயன்படுத்துவது. பிரெட் மிட்செல் என்பவர் வகுத்த முறை. தொடையின் பின்தசை இறுகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி மல்லாந்து படுக்க, மாணவர் காலை நேராக உயர்த்தி, இழுப்பு தொடங்கும் இடத்தில் நிறுத்துவார். நோயாளி காலை மெதுவாகக் கீழே தள்ள, மாணவர் அதே அளவு பலத்தில் தடுப்பார். மூன்று முதல் ஐந்து நொடி. பிறகு இருவரும் தளர்வார்கள். அந்தத் தளர்ச்சியில் கால் இன்னும் சிறிது உயரும். புதிய எல்லையில் மறுபடி. மூன்று முதல் ஐந்து முறை. தவறு செய்தாலும் ஆபத்து குறைவு என்பதால் தொடக்கத்திலேயே கற்றுத்தருகிறார்கள்.

இன்னொன்றுக்கு ஒரு கதை உண்டு. 1955-இல் லாரன்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் நிமிர முடியாத, தூங்கவும் முடியாத ஓர் இளைஞர் வந்தார். எந்தச் சிகிச்சையும் எடுபடவில்லை. குறைந்தபட்சம் வலியில்லாமல் படுக்க ஒரு நிலையாவது கிடைக்கட்டும் என்று ஜோன்ஸ் வெகுநேரம் முயன்று ஒரு நிலையைக் கண்டுபிடித்து, அவரை அப்படியே விட்டுவிட்டு வேறொரு நோயாளியைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது அந்த இளைஞரால் நிமிர்ந்து நிற்க முடிந்தது. இன்றைய மாணவர்கள் வலிக்கும் புள்ளியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, வலி பெரும்பாலும் மறையும் நிலைக்கு உடலை மடக்கி, 90 நொடி பிடித்திருந்து, மிக மெதுவாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். இந்த மெதுவில்தான் பாதி மாணவர்கள் தோற்பார்கள்.

இனி எல்லோரும் கேட்க விரும்பும் விஷயம்: சொடக்கு. நம் ஊர் சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து 'டக்' என்று திருப்புவார்களே, அதன் பாடமுறை வடிவம் ஒன்று ஆஸ்டியோபதியில் உண்டு. மிகச் சிறிய தூரம், மிக வேகமான உந்துதல். அந்தச் சத்தம் எலும்பு இடத்தில் உட்காரும் சத்தமல்ல. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக் குமிழி உண்டாகும்போது வருவது. சத்தம் வந்ததால் சிகிச்சை பலித்தது என்றோ, வராததால் பலிக்கவில்லை என்றோ சொல்ல முடியாது. கழுத்தின் வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான், ஆனால் சலூன் நாற்காலியில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு 'டக்'குக்காக அந்த அபூர்வத்தை ஏற்கத் தேவையில்லை என்பது என் கட்சி. டி.ஓ. மாணவர்களுக்கு இந்த உந்துதலைக் கற்றுத்தரும்போதே, யாருக்குச் செய்யக் கூடாது என்ற பட்டியலும் சேர்ந்தே வருகிறது. முடக்குவாதம் உள்ளவர், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் (இவர்களுக்கு மேல்கழுத்து மூட்டு தளர்ந்திருக்கலாம்), எலும்பு மெலிந்து எளிதில் முறியக்கூடிய முதியவர், புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர், எலும்பு முறிவோ கிருமித் தொற்றோ உள்ளவர். தேர்வில் இந்தப் பட்டியலைத் தவறவிட்டால், எவ்வளவு நேர்த்தியாகச் செய்து காட்டினாலும் பயனில்லை.

ஒருவர் உடலில் ஒருவர்

இந்தப் பயிற்சியின் விசேஷம், மாணவர்கள் ஒருவர்மேல் ஒருவர் பழகுவது. இன்று மருத்துவர், அடுத்த அரை மணியில் நோயாளி. பொம்மையின்மேல் பழகினால் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது. "இன்னும் கொஞ்சம் மேலே", "உன் கை ஜில்லுன்னு இருக்கு", "நீ பயந்துகிட்டே தொடுற, எனக்கும் பயமா இருக்கு" என்று சொல்லக்கூடிய நோயாளி கிடைக்கிறார். உண்மையான நோயாளி இப்படியெல்லாம் சொல்வதில்லை. நம் அரசு மருத்துவமனைக்கு வரும் பெரியவர் டாக்டர் தொட்டாலே மரியாதைக்கு "பரவால்லீங்க சார்" என்பார். வலியை முகத்தில்தான் தேட வேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. முதுகு தெரியும்படி உடுத்திக்கொண்டு வகுப்பில் படுக்க எல்லோராலும் முடியாது. மத நம்பிக்கை, கூச்சம், பழைய கசப்பான அனுபவம் என்று எதுவும் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்பதும், மறுத்தால் காரணம் கேட்காமல் விடுவதும் பாடத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும். நம் கல்லூரிகளில் இதை நடத்தினால் பெண்கள் பெண்களோடும் ஆண்கள் ஆண்களோடும் இணையாகப் பழகுவதில் தொடங்கலாம். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், வார்டில் எதிர்பால் நோயாளியை முதன்முதலாகத் தொடும்போது எப்படிப் பேசுவது, எதை மூடி எதைத் திறப்பது என்று தெரியாமல் போகும். துணியால் மூடி, பார்க்க வேண்டிய இடத்தை மட்டும் விலக்கும் முறையைத் தனியாகவே சொல்லித்தர வேண்டும்.

மாணவரின் கை தேறியதா என்று அளப்பது எப்படி? எழுத்துத் தேர்வில் முடியாது. ரொனால்ட் ஹார்டன் 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் அறிமுகப்படுத்திய 'ஆஸ்கி' முறைதான் இன்று உலகமெங்கும் பயன்படுகிறது. மாணவர் வரிசையாகச் சின்னச் சின்ன நிலையங்களுக்குப் போவார். ஒவ்வொன்றிலும் சில நிமிடத்தில் ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். தேர்வாளர் கையில் சரிபார்ப்புப் பட்டியல் இருக்கும். அமெரிக்க டி.ஓ. மாணவர்களுக்கு, நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை வைத்து நாடு தழுவிய செய்முறைத் தேர்வு ஒன்றும் இருந்தது. கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்டது, பிறகு கைவிடப்பட்டது. கைத்திறனே தங்கள் அடையாளம் என்று சொல்லும் ஒரு துறையில், கையைச் சோதிக்கும் பொதுத் தேர்வு போய்விட்டது. அந்தப் பொறுப்பு இப்போது பெரும்பாலும் கல்லூரிகளிடம் இருக்கிறது.

எவ்வளவு நம்பலாம்?

இங்கே ஒளிவுமறைவு கூடாது. ஒரே முதுகை இரண்டு தேர்ந்த மருத்துவர்கள் தனித்தனியே தொட்டுப் பார்த்தால், 'எந்தக் கணு திரும்பியிருக்கிறது' என்பதில் பல நேரம் ஒத்துப்போவதில்லை. 'எங்கே வலிக்கிறது' என்பதில் ஒற்றுமை இதைவிட அதிகம், ஏனென்றால் அதை நோயாளியே சொல்லிவிடுகிறார். ஒரே அறையில் சேர்ந்து பழகி, ஒரே மாதிரி தொட ஒப்புக்கொண்டவர்களிடையே ஒற்றுமை கூடுகிறது என்பது ஆறுதல்.

சிகிச்சையின் பலனும் அப்படித்தான், கலவையாக இருக்கிறது. புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மருந்தில்லாத வழிகளில் ஒன்றாக முதுகெலும்புக் கைச்சிகிச்சையை அமெரிக்க மருத்துவர் கல்லூரி (பெயர்தான் கல்லூரி, உண்மையில் மருத்துவர்களின் சங்கம்) 2017 வழிகாட்டுதலில் சேர்த்தது. ஆனால் அதற்கான சான்று வலுக் குறைந்தது என்றும் சேர்த்தே சொன்னது. பிரான்சில் 400 நோயாளிகளை வைத்துச் செய்து 2021-இல் வெளியான ஆய்வில், நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஆஸ்டியோபதி கைச்சிகிச்சை போலிச் சிகிச்சையைவிடச் சிறிதளவே மேலாக இருந்தது. அந்தச் சிறிதளவை நோயாளி உணர்வாரா என்பதே சந்தேகம் என்றார்கள். மண்டையோட்டு எலும்புகள் ஒரு தாளத்தில் அசைகின்றன, அதைக் கையால் உணர்ந்து சரிசெய்யலாம் என்று வில்லியம் சதர்லாண்ட் தொடங்கிய கிளை ஒன்று இருக்கிறது. ஒரே ஆளை ஒரே நேரத்தில் தொட்ட இரண்டு பேர் இரண்டு விதமான தாளத்தைச் சொல்கிறார்கள் என்று சோதனைகள் காட்டிய பிறகும் அது இன்னும் கற்பிக்கப்படுவது எனக்குப் புரியவில்லை.

ஆகவே நம் மாணவர்கள் கடன் வாங்குவதானால், சிகிச்சையை விட்டுவிட்டுப் பரிசோதனைப் பயிற்சியை வாங்கலாம் என்பேன். அதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2019 முதல் எம்.பி.பி.எஸ். படிப்பு திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்துக்கு மாறியிருக்கிறது. ஆசிரியர் செய்து காட்ட மாணவர் கவனிப்பது, பிறகு உதவியாகச் செய்வது, பிறகு தானே செய்வது என்ற படிகள் அதில் எழுதப்பட்டே இருக்கின்றன. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008 முதலும், கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி முதலும் இருக்கின்றன. எலும்பு, மூட்டுப் பாட நேரத்தில் சில மணி நேரத்தை விரல் பயிற்சிக்கு ஒதுக்கப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கையால் செய்யும் மருத்துவம் நமக்கு அந்நியமும் அல்ல. சித்த மருத்துவத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகையாகப் பிரித்த தொக்கணம் இருக்கிறது, வர்மம் இருக்கிறது. கணக்கும் கோட்பாடும் வேறு. பழகாத கை ஆபத்து என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே பக்கம்.

தர்மபுரி முதுகு

பாடநூலில் கறுப்புக் கட்டத்தில் போட வேண்டிய எச்சரிக்கை ஒன்று இந்த இரண்டு மாவட்டங்களுக்கு உண்டு. அமெரிக்கப் பாடநூல் அதைப் பெரிதாகப் பேசாது. நம் நிலத்தடிப் பாறையில் புளோரைடு இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் அது கரைந்து வருகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டிய நீரைப் பல வருடங்கள் குடித்த ஊர்கள் இங்கே பல. அதனால்தான் 2008-இல் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி, 2013-இல் காவிரி நீர் வந்தது. ஆனால் அதற்கு முன் குடித்த நீர் எலும்பில் அப்படியே இருக்கிறது.

எலும்புப் புளோரோசிஸ் வந்த முதுகில் எலும்பின் அடர்த்தி கூடுகிறது, தசைநாண்களிலும் இணைப்பு நார்களிலும் சுண்ணாம்பு படிகிறது. முதுகு பலகை போலாகிறது. இதைச் சந்தேகிக்க மூன்று எளிய சோதனைகள் உண்டு, மூன்றுமே கருவியில்லாதவை. முழங்காலை மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் காசை எடுக்க முடிகிறதா? முகவாயை மார்பில் தொடவைக்க முடிகிறதா? இரண்டு கைகளையும் மடக்கித் தலைக்குப் பின்னால் கொண்டுபோக முடிகிறதா?

இப்போது பென்னாகரம் பக்கத்து ஐம்பத்தைந்து வயது விவசாயி ஒருவரை, 'டார்ட்' மட்டும் தெரிந்த மாணவரிடம் அனுப்புங்கள். அசைவுத் தடை இருக்கிறது, வலி இருக்கிறது; 'கைச்சிகிச்சைக்கு ஏற்றவர்' என்று எழுதிவிடுவார். அதே விரல் சரியாகப் பழகியிருந்தால் இரண்டு விஷயம் அதை உறுத்தும். தடை ஒரு பக்கம் மட்டும் இல்லை. இரு பக்கமும், எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரேபோல் இருக்கிறது. அசைவு நிற்கும் விதமும் மெத்தென்று இல்லை, கெட்டியாக இருக்கிறது. சமமின்மையைத் தேடப் பழகிய கை, சமமாக இறுகிய முதுகைக் கண்டால் நிற்க வேண்டும். அடுத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த ஊரில், எந்தக் கிணற்று நீரை, எத்தனை வருடம் குடித்தார் என்று கேட்க வேண்டும். முன்னங்கை எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புகளுக்கும் இடையிலான சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. முற்றிய நிலையில் தண்டுவடமே நெருக்கப்பட்டிருக்கலாம். அந்த முதுகில் சொடக்கு எடுப்பது கால்களைச் செயலிழக்கவைக்கலாம்.

புளோரோசிஸ் மட்டுமல்ல. மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் இரவு வலியும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோய். விடியற்காலையில் மணிக்கணக்கில் இறுகி, நடமாடினால் தளரும் இளைஞரின் முதுகு வேறொரு அழற்சி நோய். சிறுநீர் அடைத்துக்கொண்டு, உட்காரும் இடம் மரத்துப்போனால் அன்றே அறுவைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

புளோரோசிஸ் உறுதியானால், எலும்பில் படிந்ததைக் கரைக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. முதல் மருந்து தண்ணீரை மாற்றுவதுதான். கூடவே சுண்ணாம்புச் சத்தும் சத்தான சாப்பாடும், வலிக்கு மாத்திரை, நடை கெடாமல் இருக்க மெதுவான பிசியோதெரபி. தண்டுவடம் நெருக்கப்பட்டால் அறுவை. மாணவரின் குறிப்பேட்டில் இதற்கு மேல் ஒரு வரி வேண்டும்: வீட்டில் மற்றவர்களும், குறிப்பாகக் குழந்தைகளும், இப்போது குடிப்பது ஒகேனக்கல் நீரா, போர்வெல் நீரா?